காகிதம் யார் கையில் இருக்கிறது? நூலகத்தில் வணிக வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய நிறுவனம் ஒன்றின் கதையை எழுதக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள்: அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு நோட்டுகள் எங்கே? பெரும்பாலும் அவை இருக்காது. மூடியபோது எடைக்குப் போயிருக்கும். கைமாறியபோது புது முதலாளிக்கு இடம் தேவைப்பட்டிருக்கும். மீதியைக் கரையானும் வெள்ளமும் பார்த்துக்கொண்டிருக்கும். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று அங்கேயே திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒருமுறை அப்படித் திரும்பியவன்தான்.

ஆனால் வியாபாரம் ஒற்றைக் கையால் நடப்பதில்லை. விற்றவருக்கு எதிரே வாங்கியவர் உண்டு. கடன் கொடுத்தவர், காப்பீடு செய்தவர், வரி வாங்கியவர், வழக்குப் போட்டவர், விளம்பரம் அச்சிட்டவர் என்று சுற்றிலும் ஒரு கூட்டமே உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துக்கு ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள். ஒரு கையிலிருந்த காகிதம் போய்விட்டால் மறு கையில் இருப்பதைத் தேட வேண்டியதுதான். நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் சேர்த்து வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்த மறு கைக் காகிதம்தான்.

முதலில் கேள்வி, அப்புறம் காகிதப் பட்டியல்

'ஜவுளித் தொழிலின் வரலாறு' என்பது கேள்வி அல்ல, தலைப்பு. அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால் ஆயிரம் புத்தகம் வரும், ஒன்றும் உதவாது. 'நீராவி எந்திரம் வந்த பிறகு கைத்தறிப் பட்டறைகள் எந்த வரிசையில் மூடின, சிறியவை முதலிலா, கடன்பட்டவை முதலிலா?' என்று கேட்டால் அது கேள்வி. அதில் காலம் இருக்கிறது, யாரைப் பற்றி என்பது இருக்கிறது, பதில் இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம் என்ற சந்தேகமும் இருக்கிறது.

கேள்வி கிடைத்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் நிறுவனத்தின் பெயரை எழுதுங்கள். சுற்றிலும் அது யார் யாரிடம் தொடர்பு வைத்திருந்திருக்கும் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அந்தத் தொடர்பால் என்ன காகிதம் பிறந்திருக்கும் என்று குறியுங்கள்.

ஒரு அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். 1880 முதல் 1910 வரை நடந்தது, சொந்த ஆவணம் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குத் தீக்காப்பீடு இருந்திருக்கலாம். எழுத்து வார்க்கும் ஆலையிடம் அச்செழுத்து வாங்கியிருக்கும். வங்கியில் கடன் இருந்திருக்கும். நாளிதழில் விளம்பரமும், ஆள் தேவை அறிவிப்பும் வந்திருக்கும். ஊர் வணிக விவரக்கையேட்டில் முகவரி இருக்கும். நொடித்துப்போயிருந்தால் நீதிமன்றத்தில் கோப்பு இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஒன்று நூலக அலமாரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த அச்சகம் அச்சடித்த புத்தகங்கள்தான். தலைப்புப் பக்கத்தின் அடியிலோ பின்புறத்திலோ அச்சகத்தின் பெயரும் முகவரியும் ஆண்டும் இருக்கும். நாற்பது புத்தகங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எந்த ஆண்டில் இடம் மாறினார்கள், உரிமையாளர் பெயர் எப்போது 'அன்ட் சன்ஸ்' ஆனது, பள்ளிப் பாடநூல் வேலை எப்போது வந்தது, எந்த ஆண்டுகளில் ஒன்றுமே வரவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். பின்னட்டையில் விலைப்பட்டியல் அச்சிட்டிருந்தால் அது உபரி லாபம். நூலகப் பட்டியலில் அச்சகத்தின் பெயர் தனிப் புலமாக, அதாவது தனியாகத் தேடக்கூடிய தகவல் பகுதியாக, எப்போதும் இருக்காது. குறிப்புப் பகுதியில் ஒளிந்திருக்கும். அதனால் 'எந்தப் புலத்திலும்' என்ற வசதியை வைத்துத் தேடுங்கள்.

அலமாரிக்குப் போகும் முன்

நேராக மூல ஆவணத்தில் குதிக்காதீர்கள். உங்கள் கேள்வியை ஏற்கெனவே யாராவது தொட்டிருப்பார்கள். நூலகங்களில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் 330.9 பொருளாதார நிலையும் வரலாறும். 332 நிதி, 338 உற்பத்தியும் தொழிலும், 380 வணிகமும் போக்குவரத்தும், 658 நிர்வாகம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றும் இடங்களில் ஹெச்.சி., ஹெச்.டி., ஹெச்.எஃப்., ஹெச்.ஜி. என்ற வரிசைகளைப் பாருங்கள். இந்த எண்களைத் தெரிந்துகொண்டு அலமாரி நடுவே ஒரு மணி நேரம் நடப்பது எந்தத் தேடுபொறியாலும் தர முடியாத ஒன்று. பக்கத்துப் புத்தகம்தான் பெரும்பாலும் நமக்குத் தேவையான புத்தகமாக இருக்கும்.

ஒரு நல்ல புத்தகம் அகப்பட்டதும் இரண்டு வேலை செய்யுங்கள். அதன் அடிக்குறிப்புகளைப் படித்து, ஆசிரியர் எந்தக் காப்பகத்தின் எந்தத் தொகுப்பைப் பயன்படுத்தினார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நூலகப் பட்டியலில் அந்தப் புத்தகத்தின் முழுப் பதிவைத் திறந்து, அதற்குக் கொடுத்திருக்கும் பொருள் தலைப்புகளைச் சொடுக்குங்கள். நம் மனதில் தோன்றும் சொல் வேறு, நூலகர்கள் முடிவு செய்து வைத்திருக்கும் சொல் வேறு. அந்தச் சொல் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நூலகரைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆனால் 'வங்கிகளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம். என்ன கேள்வி, எந்தக் காலம், இதுவரை எதையெல்லாம் பார்த்தாயிற்று என்று மூன்று வரியில் சொல்லுங்கள். அதோடு, 'பட்டியலில் ஏறாத தொகுப்பு ஏதாவது உண்டா?' என்றும் கேளுங்கள். பல இடங்களில் பழைய அட்டைப் பட்டியலிலோ, தட்டச்சுப் பிரதியாகவோ மட்டும் இருக்கும் தொகுப்புகள் உண்டு. அவை இணையத்தில் தெரியாது.

அச்சில் இருப்பவை

நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முதலீட்டாளர்களுக்காக ஆண்டுதோறும் வந்த கையேடுகள் இருக்கின்றன. அமெரிக்க ரயில்வே நிறுவனங்களுக்கான பூர்ஸ் கையேடு 1868-ல் தொடங்கியது. மூடிஸ் கையேடு 1900-ல். மூலதனம், இயக்குநர்கள், கடன் பத்திரம், லாபப் பங்கு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். கப்பல் வியாபாரம் என்றால் 1734-ல் தொடங்கிய லாயிட்ஸ் லிஸ்ட். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வந்தது, எது முழுகியது என்ற செய்திகளுக்கு அதை விட்டால் வேறு இல்லை.

என் அனுபவத்தில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது தொழில்சார் இதழ்கள்தான். தோல் பதனிடுவோர், மருந்துக்கடைக்காரர், அச்சகத்தார் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வாராந்தரியோ மாதாந்தரியோ இருந்தது. கட்டுரைகளைவிட ஆசிரியருக்கு வந்த கடிதங்களைப் படியுங்கள். கூலித் தகராறு, கலப்படம், போட்டியாளர் மீது பொருமல் எல்லாம் அங்கேதான் வெளிவரும்.

வணிக விவரக்கையேடுகளில் ஒரு பொறி உண்டு. 1895 என்று அட்டையில் போட்டிருந்தாலும் விவரம் சேகரித்தது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டில். ஒரு ஆண்டுப் பதிப்பில் பெயர் இல்லை என்றால் கடை மூடிவிட்டது என்று அர்த்தமில்லை; சேகரிக்க வந்தவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். முன்னும் பின்னும் இரண்டு பதிப்புகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அமெரிக்க நகரங்களை ஆராய்கிறவர்களுக்கு இன்னொரு புதையல் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். 1867 முதல் வந்தவை. காங்கிரஸ் நூலகம் ஏராளமான தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தேவை ஒன்றுதான்: இந்தக் கட்டடம் எவ்வளவு எளிதில் எரியும்? அதனால் செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டினார்கள். எத்தனை மாடி, கொதிகலன் எங்கே, கூரை எதனால் ஆனது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்பதும் இருக்கும். ஒரு ஆலையின் உள் அமைப்பை ஆலைக்காரரே இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருக்க மாட்டார். ஒரு எச்சரிக்கை: புதுத் தாள் அச்சடிக்காமல், மாறிய இடத்தில் மட்டும் திருத்தச் சீட்டை ஒட்டி அனுப்பும் வழக்கம் இருந்தது. தலைப்பில் இருக்கும் ஆண்டு ஒன்று, ஒட்டின துண்டின் ஆண்டு வேறொன்று. ஸ்கேன் செய்த படத்தில் ஒட்டு சட்டென்று தெரியாது. அசல் தாளாக இருந்தால் ஓரம் கண்ணிலேயே தட்டுப்படும்.

அரசு விசாரணைக் குழு அறிக்கைகளில் முடிவுரையை விட்டுவிட்டு சாட்சியங்களுக்குப் போங்கள். முதலாளியும் தொழிலாளியும் அதிகாரியும் கேள்வி பதிலாகப் பேசியது வார்த்தைக்கு வார்த்தை இருக்கும்.

கையெழுத்துப் பேரேட்டைப் பிரித்ததும்

கணக்கு நோட்டு ஒன்று உங்கள் முன்னால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிக்கத் தொடங்கினால் மூன்றாம் நாள் தலை சுற்றும். முதலில் இது எந்த வகை நோட்டு என்று பாருங்கள். அன்றன்று நடந்ததை அப்படியே எழுதியது நாளேடு. ஆள்வாரியாக, கணக்குவாரியாகப் பிரித்து எழுதியது பேரேடு. பேரேடு என்றால் அதன் முன்பக்கத்திலோ தனி நோட்டாகவோ அகரவரிசைப் பெயர்ப்பட்டியல் இருக்கும். அதை முதலில் படமெடுங்கள். யாரோடெல்லாம் வியாபாரம் நடந்தது என்பது அந்த நாலு பக்கத்திலேயே வந்துவிடும். அடுத்து மூலதனக் கணக்கு, அப்புறம் ஆண்டு முடிவில் கணக்கு முடித்த பக்கங்கள். இந்த மூன்றையும் பார்த்த பிறகு உள்ளே போங்கள். ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவு முறை தெரியாவிட்டால் ஒரு வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். 1494-ல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி அதை அச்சில் விளக்கிய பிறகு அடிப்படை பெரிதாக மாறிவிடவில்லை. இன்றைய பள்ளிப் பாடநூலே போதும்.

கடிதத் தொகுப்பில் வேறு சிக்கல். 1780-ல் ஜேம்ஸ் வாட் கடித நகல் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரப்படுத்திய மெல்லிய தாளை மை எழுத்தின்மேல் அழுத்தினால் நகல் விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிக நிறுவனங்களின் தடித்த கடித நகல் புத்தகங்கள் இந்த முறையில் பிறந்தவை. அவற்றில் இருப்பது அனுப்பிய கடிதம் மட்டும். வந்த கடிதங்கள் வேறு கட்டில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டு எதிராளி என்ன சொன்னார் என்று ஊகிப்பது போலத்தான். ஊகிப்பதற்குப் பதில், கடிதம் யாருக்குப் போனதோ அவருடைய தொகுப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

மறு கைக் காகிதம் எந்த அளவுக்குப் பேசும் என்பதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன்.

கெய்ரோவின் பழைய பகுதியில் உள்ள பென் எஸ்ரா யூத வழிபாட்டிடத்தில் ஓர் அறை இருந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதால் பழைய காகிதங்களை அங்கே போட்டு வைத்தார்கள். பக்தி நூல்களோடு வியாபாரிகளின் கடிதங்களும் கணக்குகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1896-97-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சாலமன் ஷெக்டர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்; பல்கலைக்கழக நூலகத்தில் 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் மிளகும் இரும்பும் எப்படிக் கைமாறின என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் இந்தத் துண்டுகளால்தான். வணிக வரலாற்றுக்காக அவற்றை யாரும் சேர்த்து வைக்கவில்லை.

இத்தாலியின் பிராட்டோ நகர வியாபாரி ஃபிரான்செஸ்கோ தாத்தீனி 1410-ல் இறந்தார். அவருடைய கடிதங்கள் சுமார் 1,50,000 மிஞ்சியிருக்கின்றன. பல ஊர்களில் இருந்த கிளைகளுக்கு ஒரே விஷயத்தை அவர் எப்படி எப்படி எழுதினார், அவர்கள் என்ன பதில் போட்டார்கள் என்று இரண்டு பக்கமும் படிக்கலாம். இப்படி அமைவது அபூர்வம்.

மூன்றாவது, ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் உள்ள ஆர்.ஜி. டன் நிறுவனத்தின் கடன்தகுதிப் பேரேடுகள். 1837 நிதி நெருக்கடியில் அடிபட்ட லூயிஸ் டாப்பன் என்ற நியூயார்க் வியாபாரி 1841-ல் தொடங்கிய ஏஜென்சிதான் பின்னால் அந்தப் பெயரைப் பெற்றது. யாருக்குக் கடனில் சரக்குத் தரலாம் என்று சொல்வதுதான் தொழில். 2,500-க்கும் மேற்பட்ட தொகுதிகள். எங்கோ மூலையில் சிறுகடை வைத்திருந்து, வேறெங்கும் சுவடே விடாதவர்கள்கூட இதில் வருகிறார்கள். குடிப்பழக்கம், மாமனார் சொத்து, நாணயம் எல்லாம் நாலு வரியில். ஆனால் இதை எழுதி அனுப்பியவர்களில் பலர் உள்ளூர் வக்கீல்கள். வராக்கடன் வழக்குகள் தங்களுக்கு வரும் என்பது அவர்களுக்கான கூலி. ஊர்வம்பும் இன மத வெறுப்பும் கலந்த குறிப்புகள் அவை. கடையைப் பற்றிய உண்மை என்று எடுக்காமல், கடையைப் பற்றிக் கடன் கொடுக்கிறவர் காதில் விழுந்தது என்று எடுத்தால் விலைமதிப்பற்ற ஆவணம்.

எண்களிடம் ஏமாறாமல் இருக்க

பேலன்ஸ் ஷீட்டைக் கண்டதும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு நிம்மதி வரும்: அப்பாடா, எண்கள். அங்கேதான் கவனம் தேவை. 1931-ல் லண்டனில் நடந்த, ராயல் மெயில் என்ற கப்பல் நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். அந்தக் கப்பல் நிறுவனம் 1920-களில் நஷ்டத்தில் ஓடியது. முதல் உலகப்போர்க் காலத்தில் மறைவாகச் சேர்த்து வைத்த ஒதுக்கு நிதியிலிருந்து எடுத்து லாபம் போலக் காட்டியது. கணக்கில் அதைக் குறிக்க இருந்தது 'வரி ஒதுக்கீட்டுச் சரிக்கட்டல் உட்பட' என்ற அளவிலான ஒரு சொற்றொடர் மட்டும். அந்தக் கணக்குகள் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து தலைவர் கில்சாண்ட் பிரபு விடுதலை ஆனார். 1928 கடன் பத்திர வெளியீட்டு விளக்கக்குறிப்பு பொய் என்பதற்காகத்தான் சிறை சென்றார். அதாவது அன்றைய வழக்கப்படி அந்தப் பேலன்ஸ் ஷீட் 'சரி'. லாபம் என்ற சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று கேட்காமல் எண்ணை எடுத்துத் தொடர் வரைபடம் போட்டால், கற்பனையான ஒரு செழிப்பைத்தான் வரைவோம்.

நான் பார்க்கும் முறை இது. தலைவரின் உரையை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து ஆண்டு பேலன்ஸ் ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் விரிப்பேன். விற்பனை கொஞ்சமாக ஏறும்போது வர வேண்டிய பாக்கி மடமடவென்று ஏறுகிறதா? சரக்கு இருப்பு வீங்குகிறதா? தேய்மானம் நல்ல ஆண்டில் மட்டும் கழித்து, மோசமான ஆண்டில் காணாமல் போகிறதா? ஒரு தலைப்பின் பெயர் திடீரென்று மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் அந்த ஆண்டில் ஏதோ நடந்திருக்கிறது. அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு நாளிதழுக்குப் போவேன்.

நாணயமும் நாட்காட்டியும் சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், 240 பென்ஸ் என்ற கணக்கு பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 வரை இருந்தது. பத்தின் மடங்கு என்று நினைத்துக் கூட்டினால் எல்லாமே பிசகும். இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. எனவே பழைய ஆவணத்தில் 1740 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1741. 'அன்றைய நூறு இன்றைக்கு எவ்வளவு?' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. விலைவாசியை வைத்துக் கணக்கிட்டால் ஒன்று, கூலியை வைத்தால் பல மடங்கு, நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் இன்னும் வேறு. ஆலை கட்டின செலவை ரொட்டி விலையால் பெருக்குவதில் அர்த்தமில்லை. அன்றைய ஒரு தொழிலாளியின் எத்தனை நாள் கூலி என்று சொன்னால் வாசகருக்குப் பிடிபடும்.

திரையில் தேடும்போது

டிஜிட்டல் தொகுப்புகள் வேலையைப் பாதியாகக் குறைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ், அமெரிக்க நாளிதழ்களுக்கான க்ரோனிக்ளிங் அமெரிக்கா, செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஃப்ரேசர், ஹாதிட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ் எல்லாம் வீட்டிலிருந்தே திறக்கும். ஆனால் தேடல் வேலை செய்வது எந்திரம் படித்த எழுத்தின்மேல். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்தை எந்திரம் 'எஃப்' என்று படிக்கும். மை பரவிய பத்தி குப்பையாக மாறியிருக்கும். நிறுவனப் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில், பாதிப் பெயராக, முகவரியாக, முதலாளி பெயராக எல்லாம் தேடுங்கள். பூஜ்யம் விடை வந்தால் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். முக்கியமான தேதி தெரிந்திருந்தால் அந்த வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிடுவது உத்தமம்.

வாசிப்பு அறையில்

பென்சில் மட்டும், பேனா கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. கட்டுக்குள் தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். அந்த வரிசையே ஒரு தகவல். சில தொகுப்புகள் 30 ஆண்டு, 50 ஆண்டு என்று மூடி வைக்கப்பட்டிருக்கும் என்பதால் பயணத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

படமெடுக்க அனுமதி உண்டென்றால், ஒவ்வொரு கட்டுக்கும் முதல் படம் அதன் எண் எழுதிய சீட்டாக இருக்கட்டும். ஒருமுறை இரண்டு நாள் உட்கார்ந்து முந்நூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் பக்கம் எந்தத் தொகுதியிலிருந்து என்று ஒன்றுக்குமே அடையாளம் இல்லை. கையெழுத்தை வைத்துப் பாதியைப் பிரித்தேன். மீதிக்காக மறுபடி போய் அதே நோட்டுகளைக் கேட்டபோது, கொண்டுவந்து வைத்த ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வைதான் பார்த்தார்.

எது விடுபட்டது என்பதற்கு ஒரு பக்கம்

குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை யாருடைய காகிதம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒதுக்குங்கள். நீண்ட நாள் பிழைத்த நிறுவனங்கள்தான் பொன்விழா மலர் போடும்; இரண்டு ஆண்டில் மூடியவை போடாது. அவற்றைப் பிடிக்க நொடிப்பு நீதிமன்றக் கோப்புகளே வழி. கடன் கொடுத்தவர்களின் பட்டியல், சரக்கு ஏலப் பட்டியல், முதலாளியின் வாக்குமூலம் மூன்றும் அதில் கிடைக்கும். கூலியாட்கள், வீட்டுப் பெண்களின் உழைப்பு, ரசீதில்லாமல் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் பேரேட்டில் 'இதர செலவு' என்ற ஒரு வரிக்குள் போயிருக்கும். அந்த வரியின் தொகை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

நம் அச்சகத்துக்கே திரும்புவோம். விவரக்கையேட்டில் 1903-க்குப் பிறகு பெயர் இல்லை, ஆனால் 1906-ல் அச்சிட்ட புத்தகம் ஒன்று கையில் இருக்கிறது என்றால், இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். முகவரியைப் பாருங்கள். வேறொருவர் எந்திரத்தோடு பெயரையும் வாங்கியிருக்கலாம். அப்படியானால் விற்பனைப் பத்திரம் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். தேட வேண்டிய அடுத்த கை பதிவு அலுவலகம். நூலகப் பட்டியலில் அந்தப் புத்தகத்தின் ஆண்டோ அச்சகமோ தவறாக இருப்பதைக் கண்டுபிடித்தால் ஆதாரத்தோடு நூலகரிடம் சொல்லுங்கள். ட்ரோவ் போன்ற இடங்களில் எந்திரம் தப்பாகப் படித்த வரியை வாசகரே திருத்தலாம். உங்கள் அச்சகத்தின் பெயர் வரும் வரியையாவது திருத்திவிட்டு வாருங்கள். அதே பெயரைத் தேடி அடுத்து வருகிறவருக்குப் பூஜ்யம் விடை வராது.